திருப்பிப் போடாத கேசட்

என் வீட்டுக்காரர் பத்திரிகையில் பாட்டு விமர்சனம் எழுதுகிறவர். அடுத்தவர் பாட்டில் குறை கண்டே காலத்தை ஓட்டிய மனிதர். என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அதற்கு முன் ஒரு ராக் குழுவில் பாடினான். முதல் ஆல்பம் ஓகோவென்று ஓடியது. இரண்டாவது வந்த வாரமே இவர் எழுதினார்: "பாடகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். இரண்டாம் பக்கத்தில் இன்னும் வேகமாக ஓடுகிறார்." மச்சானுக்குப் பரிந்து எழுதினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். கேசட்டுகள் கடையிலேயே தேங்கின, குழு கலைந்தது, அண்ணன் பாடுவதை அடியோடு விட்டான்.

அந்த இரண்டாம் பக்கத்தில் அண்ணன் பாடவே இல்லை. அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் கிட்டார்காரர் பாடினார். அட்டையில் எல்லார் பெயரையும் மொத்தமாகப் போட்டிருந்தார்கள். ஆக, இவர் கேசட்டைத் திருப்பிக்கூடப் போடாமல் எழுதியிருக்கிறார். அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பதுதான் இவருக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமாக நான் வாயைத் திறக்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்ற வீம்பு. அண்ணன் வந்தால் வாசலோடு என்னைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

இப்போது அந்த ஆல்பம் மறுபடி வெளிவருகிறது. பத்திரிகையில் இவரையே திரும்ப எழுதச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், அன்று விமர்சனத்துக்காகப் பாட்டுக் கேட்ட பழைய டேப் ரிக்கார்டரை அலமாரி மேலிருந்து இறக்கினார். பக்கத்தில் இரவல் வாங்கிய புதியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே பாட்டை இரண்டிலும் ஓடவிட்டார். அட்டையில் ஐந்து நிமிடம் என்று போட்ட பாட்டு, பழையதில் நாலரை நிமிடத்தில் முடிந்தது.

"பாத்தியா, எல்லாம் இந்த மோட்டார் பண்ண வேலை!" என்று குதித்தார். "மச்சானைக் கூப்பிடு."

இந்தச் சாக்கை அவன் முகத்துக்கு நேரே சொன்னால், அண்ணன் இனி வாசலுக்கும் வரமாட்டான்.

வந்தான். கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பழைய ரிக்கார்டரைத் திறந்து பார்த்தான்.

"வேகமாத்தான் சுத்துது, மாப்ள. உண்மைதான்."

"அதத்தான் எழுதப் போறேன், மச்சான். என் மேல தப்பே இல்ல."

"ரெண்டாம் பக்கம்?"

"அதுவும் இதே மிஷின்லதானே ஓடுச்சு!"

கூசாமல் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேசட்டை எடுத்தேன், திருப்பினேன், புதிய ரிக்கார்டரில் போட்டு அழுத்தினேன்.

கனத்த குரல் ஒன்று எழுந்தது. இவர் நெற்றியைச் சுருக்கினார். பாட்டு நாலு வரி போயிற்று. அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது... யாரு?"

"கிட்டார்காரன்."

"எல்லாப் பாட்டுமா?"

"இந்தப் பக்கம் முழுக்க."

இவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். கதவு வரைக்கும் போய்விட்டான்.

"நான் திருப்பிப் போடவே இல்ல, மச்சான்," என்றார் இவர். குரல் உடைந்திருந்தது. "சாயந்திரத்துக்குள்ள கட்டுரை கொடுக்கணும்னு... திருப்பிப் போடல."

இதைக் கேட்டால் நெஞ்சு குளிரும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அழுகைதான் வந்தது.

அண்ணன் திரும்பி வந்தான். பையை இறக்கினான், பாட்டை நிறுத்தி முதலிலிருந்து போட்டான்.

"எழுதறது அப்புறம். மொதல்ல கேளுங்க, மாப்ள."