வெள்ளிப் பெயின்ட் அடித்த சக்கரம்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. நமுனுகுல மலையில் குடியிருந்துகொண்டு, பதுளைக்கு இறங்கும் பாதையைத் தினமும் பார்த்துக்கொண்டு, எனக்குப் பயமே இல்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. என் கணவர் அந்த ரகம். தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. எதைச் சொன்னாலும் "ஒன்னும் ஆகாது" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பயம் கூடும்.

போன நவராத்திரிக்கு எங்கள் மகனுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கோவில் கோவிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. விஜயதசமியன்று பதுளைக் கோவிலில் அவனுக்கு ஏடு தொடக்கி, முதல் எழுத்து எழுதவைப்பதாக இருந்தோம். பிள்ளை ஏடு தொடக்கப் போகிற வண்டி இப்படித் துருப்பிடித்த சக்கரத்தோடு போகலாமா என்று இவருக்குத் தோன்றிவிட்டது. பழைய சின்னக் கார்தான். டவுனிலிருந்து வெள்ளி நிற ஸ்ப்ரே டின்கள் வாங்கிவந்தார். கராஜில் கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"இதென்ன பெரிய வித்தையா? போன்ல வீடியோ பார்த்துட்டேன். நீ சும்மா இரு."

சக்கரங்களைக் கழற்றியதும் கார் பிளாக் கற்களின் மேல் ஏறி நின்றது. மகனுக்கு அதன் அடியில் புகுந்து விளையாட ஆசை. கல் சரிந்தால் என்ன ஆகும் என்பது என் கண்ணுக்கு முன்னால் படமாக ஓடியது. அன்று முழுக்க அவனை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. துருவைத் தேய்த்து, டயருக்குப் பழைய பேப்பர் சுற்றி, இவர் ஆனந்தமாக அடித்துக்கொண்டிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் இன்னும் தலையில் ஏறும் என்று நான் சொல்லவில்லை.

எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் துணியே காயாது, பெயின்டா காயும்? தொட்டால் விரலில் ஒட்டியது. இவர் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார், விறகடுப்புச் சூட்டில் வைக்கலாமாம். டின்னில் நெருப்புப் படம் போட்டிருக்கிறது, கண் தெரியவில்லையா என்று கத்தி வெளியே துரத்தினேன். சக்கரங்கள் முன்னறையில் கிடந்தன. வீடு முழுக்க அந்த நெடி. பிள்ளை இருமும்போதெல்லாம் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

காய்ந்து முடிக்க ஆயுதபூசை நாள் ஆகிவிட்டது. சாயங்காலம் பூசை. அதற்குள் சக்கரங்களை மாட்டிவிட வேண்டுமென்று இவர் அவசரம் அவசரமாக மாட்டினார். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது நட்டை முழுதாக இறுக்க முடியாதாம், வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. அப்படி ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வந்தவர், நான் உள்ளே விளக்கேற்றிக் கூப்பிட்டதும் எழுந்து வந்துவிட்டார். எங்கள் வீட்டில் ஆயுதபூசைக்கு எல்லாக் கருவியும் சாமிக்கு முன்னால் இருக்க வேண்டும். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, சுத்தியல், பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள் திருத்தும் என் சிவப்புப் பேனா, தையல் மெஷின் எல்லாம். இவர் ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வரிசையில் வைத்தார். நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வைத்துவிட்டால் மறுபூசை போடும்வரை அதில் கை வைக்கக்கூடாது. யாரும் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் கோவிலுக்குப் போய்வந்து மறுபூசை போடலாம் என்று கிளம்பினோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். மகன் பட்டு வேட்டியில் பின்சீட்டில் இருந்தான். நான் முன்னால். இது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது, எப்போதும் அவனோடு பின்னால்தான் உட்காருவேன், அன்று பூசைத் தட்டு கொட்டிவிடும் என்று முன்னால் ஏறினேன்.

தோட்டத்துப் பாதை குழியும் கல்லுமாக இருக்கும். அதில் வண்டி சத்தம் போடாவிட்டால்தான் அதிசயம். தார் ரோட்டுக்கு வந்ததும் மகன் பின்னாலிருந்து "டொக் டொக், டொக் டொக்" என்று சொல்ல ஆரம்பித்தான்.

"சத்தம் போடாம வா கண்ணு, அப்பா ஓட்டுறாருல்ல."

அவன் நிறுத்தவில்லை. வண்டி வேகமெடுத்தால் அவனும் வேகமாகச் சொன்னான். வளைவில் மெதுவானால் அவனும் மெதுவாகச் சொன்னான். இரண்டு மூன்று வளைவு தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை விளையாடவில்லை. அவனுக்குக் கீழே எதுவோ சொல்வதைத் திருப்பிச் சொல்கிறான்.

"ஏங்க, பின்னால சத்தம் கேக்குதா?"

"எலுமிச்சங்காய் ஒட்டியிருக்கும். ஒன்னும் ஆகாது."

அந்த நேரத்தில் வண்டியின் பின்பக்கம் மெல்ல ஆடியது. தூக்கத்தில் புரளுகிற மாதிரி ஓர் ஆட்டம். என் பக்கம் பள்ளம். மூடுபனியில் தேயிலைச் செடிகள் கொஞ்ச தூரத்துக்குத்தான் தெரிந்தன, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. சாமி முன்னால் குங்குமத்தோடு கிடந்த ஸ்பேனர் அப்போது என் கண்ணில் வந்து நின்றது. பின்பக்க இடது சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தவரை, பூசைக்கு நேரமாச்சு என்று கூப்பிட்டதும் ஞாபகம் வந்தது.

"பின் சக்கரத்தை இறுக்குனீங்களா? கடைசிச் சக்கரத்தை இறுக்குனீங்களா?"

முதல் தடவையாக அந்த "ஒன்னும் ஆகாது" வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். என் பயம் அவருக்கும் தொற்றிக்கொண்டதைப் பார்த்தபோதுதான் நான் செத்தேன்.

"நிப்பாட்டுங்க!"

"வளைவுல எப்படி நிப்பாட்டுறது? பின்னால பஸ் வருது."

பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. இவர் பிரேக்கை மிதிக்கப் பயந்து கியரைக் குறைத்து, மலைப் பக்கமாக ஒதுக்க இடம் தேடினார். நான் பின்னால் கையை நீட்டி மகனின் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டி உருண்டால் என் பிடியால் என்ன ஆகப்போகிறது? ஆனாலும் பிடித்துக்கொண்டேன். அவன் இன்னும் "டொக் டொக்" என்றான்.

கடைசியில் மலையிலிருந்து தண்ணீர் கொட்டும் ஒரு பீலிக்கரையில் வண்டி நின்றது. பஸ் எங்களைத் திட்டிக்கொண்டு தாண்டிப் போனது. நாங்கள் இறங்கிப் போய்ப் பார்த்தோம். பளபளவென்று வெள்ளிச் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இரண்டு நட்டைக் காணவில்லை. ஒன்று மரையின் நுனியில் தொங்கியது. மிச்சம் ஒன்றுதான் எங்கள் மூன்று பேரையும் அவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறது. இவர் ஓடிப்போய் டிக்கியைத் திறந்து, அப்படியே நின்றார். ஸ்பேனர் எங்கே இருக்கிறதென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இவர் மேல், பெயின்ட் மேல், சாமி மேல்கூட.

மரக்கறி ஏற்றிய வேன் ஒன்று வந்து நின்றது. பசறையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "அல்லாஹ் காப்பாத்தினான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்பேனரையும் ஜாக்கியையும் எடுத்துக் கொடுத்தார். மற்றச் சக்கரங்களில் இரண்டிலிருந்து ஒவ்வொரு நட்டைக் கழற்றி இவர் இதில் போட்டார். ஒரு நட்டு இவர் கையிலிருந்து இரண்டு தரம் கீழே விழுந்தது. மகன் வலிக்குது வலிக்குது என்று அழுதபோதுதான், நான் இன்னும் அவன் கையை விடவில்லை என்பது தெரிந்தது. விரல் பதிந்த இடம் சிவந்து கிடந்தது.

கோவிலில் எங்கள் மகனை ஐயர் இவர் மடியில் உட்கார வைத்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளிப் பெயின்ட் ஒட்டிய விரலால் இவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதினார். எழுத்து கோணல் மாணலாக வந்தது. பிள்ளைக் கைதானே, போகப் போகச் சரியாகும் என்றார் ஐயர். நடுங்கியது பிள்ளையின் கை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மறுபூசைக்குக் காத்திராமல் ஸ்பேனரை எடுத்துக் காரில் போட்டேன். இனி அது பூசைக்கு வராது. சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இவர் இப்போது வண்டியை எடுக்குமுன் நாலு சக்கரத்தையும் இறுக்கிப் பார்க்கிறார். "ஒன்னும் ஆகாது" என்று சொல்வதை விட்டுவிட்டார். ஒருமுறையாவது சொல்லமாட்டாரா என்று எனக்கு இருக்கிறது.

மகனுக்கு எதுவும் ஞாபகமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பிறந்தநாளுக்கு ஒரு விளையாட்டுக் கார் வாங்கிக் கொடுத்தோம். மற்றப் பிள்ளைகள் காரைத் தள்ளும்போது டுர்ர் என்று சத்தம் போடும். இவன் தரையில் படுத்துக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்து, "டொக் டொக், டொக் டொக்" என்று ஓட்டுகிறான்.