சுண்ணாம்பில் போன கருப்பட்டி

நான் கூரைமேல் ஏறிய அன்று என் மாமியார் ஏன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள்?

ஒரு வருஷமாக இதை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களிடம் கேட்க வாய் வரவில்லை. நான் விழுந்துவிடக் கூடாது என்று பிடித்தார்களா, விழுந்தால் பக்கத்தில் இருக்கலாம் என்று பிடித்தார்களா, அல்லது ஏணி அவர்கள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது, அது முறிந்துவிடக் கூடாது என்று பிடித்தார்களா? அந்தக் கூரை மூடப்படாமல் போயிருந்தால் அவர்கள் நினைத்ததுதான் நடந்திருக்கும். என் குழந்தையை ஆலங்குளத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

எங்கள் வீடு மேலகரத்தில் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் ரயிலேறி வந்து குற்றாலத்தில் வாடகை கொடுத்து அனுபவிக்கிற சாரல் எங்களுக்கு வீடு தேடியே வந்துவிடும். வாசல் வழியாக மட்டும் வந்தால் சந்தோஷம்தான். எங்கள் வீட்டுக்குக் கூரை வழியாகவும் வந்தது. என் பெண் பிறந்து அவள் கண்ட முதல் சாரலிலேயே மூச்சிளைப்பு வந்துவிட்டது. தொட்டிலை எங்கே கட்டினாலும் ஓட்டு இடுக்கிலிருந்து ஒரு சொட்டு அவளைத் தேடி வந்தது. அந்தச் சாரல் முழுக்க அவள் என் தோளில்தான் தூங்கினாள். அடுத்த சாரலுக்குள் பின்கட்டு அறைக்காவது ஓடு மாற்றிவிட வேண்டும் என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர்கள், வேறு வழி வைத்திருந்தார்கள். அத்தையின் மகளான என் மதினியின் வீடு ஆலங்குளத்தில் இருக்கிறது. அங்கே சாரல் எட்டாது.

"சாரலுக்குள்ள ஓடு ஏறலேன்னா பிள்ளையை நான் ஆலங்குளத்துக்குக் கொண்டு போயிருதேன். ஆவணியில கூட்டிட்டு வாரேன்" என்றார்கள்.

நானும் கூடப் போகலாமா என்று யாரும் பேசவில்லை. நான் போனால் அவர்கள் மகனுக்கு யார் சோறு பொங்குவது? பேசாமலே முடிவான விஷயம் அது. அத்தை சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. பிள்ளையின் நன்மைக்குத்தான் சொன்னார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் கணவர் தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார், கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். எந்த வேலையையும் அதைத் தெரிந்தவரிடம்தான் விட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அப்படி விட்டுவிட்டுத் தாம் நாற்காலியில் உட்காரலாம் என்பது அதன் பிற்பகுதி. வைகாசி தொடக்கத்தில் ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார். யுத்தத்தினால் சிமெண்டு கண்ணில் படாத சமயம். முகட்டு ஓடுகளைப் பழையபடி சுண்ணாம்பு வைத்தே பூசிவிடலாம் என்றார் கொத்தனார். நன்றாகப் பேசினார். என் கையால் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

முதல் காரியமாக, வைக்கோல் திணித்து மீசை வைத்த ஒரு திருஷ்டி பொம்மையை வீட்டு முகப்பில் கட்டினார். இரண்டாவது காரியமாக, பின்கட்டு அறையின் ஓடுகள் அத்தனையையும் பிரித்து முற்றத்தில் அடுக்கினார். நான் பயந்துபோய், பாதிப் பாதியாகப் பிரிக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"பாதித் தலைக்கு யாராவது எண்ணெய் தேய்ப்பாகளா தாயி?" என்றார்.

யோசித்தேன். அவர் சொல்வது சரி என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் யோசித்தேன். தலை வேறு கூரை வேறு என்று தோன்றியது. அதற்குள் ஓடுகள் எல்லாம் கீழே வந்துவிட்டன. தொட்டில் கொக்கிக்கு நேர் மேலே ஆகாயம் தெரிந்தது.

பிறகு சுண்ணாம்பு நீற்றினார். கடுக்காயை ஊறப்போட்டார். சாந்தில் விடுவதற்குக் கருப்பட்டி வேண்டும் என்று தினமும் காலையில் அடுக்களை வாசலில் வந்து நிற்பார். இனிப்புக் குறைந்தால் சாந்து நிற்காது என்பார். சீனி கிடைக்காத காலம் அது. எங்கள் காப்பியே கருப்பட்டிக் காப்பிதான். அத்தை பானையைத் திறந்து ஒரு பெரிய வட்டை எடுத்துக் கொடுப்பார்கள், நகையைக் கழற்றிக் கொடுப்பது போல. இப்படிக் கருப்பட்டியாகப் போய்க்கொண்டிருந்ததே தவிர ஓர் ஓடும் மேலே ஏறவில்லை.

ஒருநாள் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்காகப் பங்களாக்களைச் செப்பனிடுகிறார்கள், ஊரிலுள்ள கொத்தனார் எல்லாரும் அங்கேதான் என்று தெரிந்தது. மூன்றாம் நாள் என் கணவரை அனுப்பினோம். கொத்தனாரைக் கையோடு அழைத்து வருவதாகச் சொல்லிக் காலையில் போனவர், பகல் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். தலை ஈரமாக இருந்தது. தோளில் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

மலையில் பெய்த கோடை மழையில் அருவியில் கொஞ்சம் தண்ணீர் விழுகிறது என்று சொன்னார். கொத்தனார் எங்கே என்று அத்தை கேட்டார்கள். அருவியில்தான் நின்றுகொண்டிருந்தாராம். இரண்டு பேரும் தண்ணீருக்கடியில் நின்றபடி எங்கள் கூரையைப் பற்றி விவரமாகப் பேசியிருக்கிறார்கள். நாளைக்கு வருவதாகச் சொன்னாராம். அருவிச் சத்தத்தில் நாளை என்று சொன்னாரா நாளை மறுநாள் என்று சொன்னாரா என்பது மட்டும் இவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மேற்கே மேகம் இறங்கத் தொடங்கியது. அத்தை பிள்ளையின் சட்டைகளைத் துவைத்துக் காயவைத்து மடித்து, ஒரு மூட்டையாகக் கட்டிக் கூடத்து மூலையில் வைத்தார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது.

தென்காசியிலிருந்து வேறொரு கொத்தனாரைக் கூட்டி வந்தோம். வாசலுக்கு வந்தவர் பொம்மையைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

"இது அண்ணாச்சி கைபோட்ட வீடுல்லா. நான் தொட்டேன்னா நாளைக்கு என் வேலையில அவரு வந்து கை போடுவாரு" என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர்கூட வாங்காமல் திரும்பினார். ஒருவர் வெற்றிலை வாங்கிய வீட்டை இன்னொருவர் தொடமாட்டார் என்பது அவர்களுக்குள் இருக்கிற கட்டுப்பாடு. என் கையால் நான் கொடுத்த வெற்றிலை அது. பொம்மையை அவிழ்த்துவிட்டால் என்ன என்று கேட்டேன். கட்டினவன் கையால்தான் அவிழ்க்க வேண்டும், பிள்ளை இருக்கிற வீடு என்றார்கள் அத்தை. நான் எட்டாவது வகுப்புவரை படித்தவள். எனக்குப் பொம்மையில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பிள்ளை இருக்கிற வீடு என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு, நம்பிக்கை இல்லை என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது, ஓடுகளை நாமே ஏற்றிவிடலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தம் அம்மாவைப் பார்த்தார். அத்தை புளிச்சங்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தலை நிமிரவில்லை.

"வீட்டுக்காரங்க கை வச்சா அது இன்னொரு கொத்தன் கையில்லல்லா" என்றார்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது. கிடைக்காது என்று நினைத்துத்தான் நான் கேட்டிருந்தேன்.

அறைக்குள் மேஜையைப் போட்டு அதன்மேல் முக்காலியைப் போட்டு என் கணவர் ஏறி நின்றார். நான் கீழேயிருந்து ஓடுகளை எடுத்துக் கொடுத்தேன். மழை முதலில் உச்சியில்தான் விழுகிறது, ஆகையால் உச்சியிலிருந்து அடுக்கிக்கொண்டு கீழே வர வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் கணக்கு அவருடைய பாடம். ஒரு பத்தி முடிந்ததும், ஏணியில் ஏறி மேலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை. முழுவதும் அவர் தலைமேலேயே விழுந்தது. கீழ் வரிசையின் மேல்தான் மேல் வரிசை ஏறி உட்கார வேண்டும் என்று அதன் பிறகு இருவருமாகக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் இறக்கி, அடியிலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை தண்ணீர் வெளியே ஓடியது. அன்று அவர் இரண்டு அகப்பை சோறு கூடச் சாப்பிட்டார்.

முகடுதான் பாக்கி. முகட்டை உள்ளேயிருந்து பூச முடியாது. ஏணியைச் சாத்தி என் கணவர் நாலைந்து படி ஏறினார். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கிவிட்டது, பாடத்திட்டம் எழுத வேண்டும் என்று ஞாபகம் வந்து இறங்கிவிட்டார்.

தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியான நேரம் பார்த்து நான் ஏறினேன். பின்பக்கச் சரிவுதான், யாருக்கும் தெரியாது. ஆனாலும் பாதி ஏணியில் நின்றுவிட்டேன். அடியில் காலடிச் சத்தம் கேட்டது. அத்தை. இறங்கச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். இறங்கச் சொன்னால் இறங்கிவிடலாம், பழி என்மேல் இருக்காது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர்கள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சேலையை இழுத்துச் செருகு. கீழ பாக்காத ஏட்டி" என்றார்கள்.

அவ்வளவுதான். நான் ஏறிவிட்டேன்.

சாந்து நான் குழைத்தது. கொத்தனார் தினம் எவ்வளவு கருப்பட்டி கேட்டார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் எத்தனை நாள் கேட்டாரோ அத்தனை நாள் கணக்கையும் கூட்டி, அதில் ஒரு துளி குறையாமல் காய்ச்சி, வடிகட்டி, சுண்ணாம்பில் விட்டேன். கருப்பட்டிப் பானை காலியாகிவிட்டது. அத்தை பானையைக் கவிழ்த்துவைத்தார்கள். கூரையிலிருந்து கல்யாண வீட்டு அடுக்களை வாசனை வந்தது. முகடு நேராக அமையவில்லை, வாய்க்கால் மாதிரி வளைந்து போயிற்று. ஆனால் மூடிக்கொண்டது.

மறுநாள் காலை முகட்டின்மேல் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. எறும்புகள். வெயில் ஏறியதும் குரங்குகள் வந்தன. முதல் குரங்கு சாந்தில் விரலை விட்டு வாயில் வைத்தது, முகத்தைச் சுளித்துத் துப்பியது, கையை ஓட்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு குரங்கு கண்டு சொன்னதை இன்னொரு குரங்கு நம்புகிற வழக்கம் அவற்றிடம் இல்லை. ஒவ்வொன்றும் தானே வந்து ருசி பார்த்துத் துப்பியது. நான் மறுபடியும் ஏறிப் பூசினேன். அத்தை மறுபடியும் ஏணியைப் பிடித்தார்கள். சாந்து இறுகும்வரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் கம்போடு முற்றத்தில் காவல் நின்றதும் அவர்கள்தான். என் பெண் முதன்முதலாகத் திருத்தமாகப் பேசிய வார்த்தை "போ" என்பது. அம்மா என்றுகூட அப்புறம்தான் சொன்னாள்.

சாரல் வந்தது. முதல் நாள் முழுக்கத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஓரத்தில் ஒழுகியது. அது என் கணவருடைய புஸ்தகப் பெட்டிக்கு நேர் மேலே. பெட்டியை நகர்த்திக்கொண்டோம். தொட்டிலில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. பிள்ளை கை காலைப் பரப்பிக்கொண்டு தூங்கினாள். மூச்சில் சத்தம் இல்லை. அது நின்றுவிட்டதோ என்று பயந்து மூக்கருகே கை வைத்துப் பார்த்து, அவளை நானே எழுப்பிவிட்டேன்.

மூட்டை கூடத்து மூலையிலேயே இருந்தது. நானாக அதைத் தொடவில்லை. ஒருநாள் ஈரத்தில் துணி ஒன்றும் காயவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தை அதை அவிழ்த்து, பிள்ளைக்கு ஒரு சட்டை எடுத்துப் போட்டார்கள். மறுபடியும் கட்டவில்லை. ஆலங்குளத்தைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆவணியில் கொத்தனார் வந்தார், நேற்றுப் போனவர் மாதிரி. முதலில் பொம்மையை அவிழ்த்தார். பிறகு முகட்டை நிமிர்ந்து பார்த்தார். யார் பூசியது என்று கேட்டார். சொன்னேன். என்ன பக்குவம் என்று கேட்டார். கருப்பட்டிக் கணக்கையும் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அம்புட்டையுமா போட்டீக?"

"நீங்கள் அவ்வளவுதானே வாங்கிப் போட்டீர்கள்?" என்றேன். நான் ஒன்றும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. அவர் ஏணியைத் தட்டிப் பார்த்தார், அது உறுதியாக இருக்கிறதா என்பதுபோல. அப்போது அத்தை அடுக்களையிலிருந்து வந்தார்கள்.

"அண்ணாச்சிக்கு காப்பி வேணுமான்னு கேளு. கருப்பட்டி இல்லாம குடிப்பாரான்னும் கேளு" என்றார்கள் என்னிடம். கொத்தனாருக்கு அன்று காப்பி வேண்டியிருக்கவில்லை.

அத்தனை வட்டும் எங்கே போயிற்று என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இப்போது மறுபடியும் வைகாசி. முகடு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. அதில் ஒன்று தொட்டில் பக்கம். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, ஒட்டுப்போட்டால் நிற்காது, முழுவதும் பிரித்துவிட்டுச் சரியாகச் செய்துதருகிறேன் என்கிறார். உண்மையாகவும் இருக்கலாம். வேலை தெரிந்தவர்தான், செய்தால் நன்றாகத்தான் செய்வார். ஆனால் பிரித்துப்போட்டபின் குற்றாலத்திலிருந்து யாராவது கூப்பிட்டால்? என் கணவர் கொள்கையை மாற்றிக்கொண்டுவிட்டார். நாமே செய்யலாம், நான் கீழேயிருந்து மேற்பார்வை பார்க்கிறேன் என்கிறார். எனக்கு இப்போது ஆறாவது மாதம். கூரை ஏற முடியாது. அத்தை, ஆலங்குளத்தில் மதினி எப்படி இருக்கிறாள் என்று இந்த வாரம் இரண்டு தடவை விசாரித்துவிட்டார்கள். எதற்காக என்று தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் சாரலும் ஓட்டு வீடும் பழக்கமானவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வெற்றிலை பாக்கைக் கொடுத்துக் கூரையைப் பிரிக்க விடலாமா, விரிசலை அடைத்துக்கொண்டு இந்த ஒரு சாரலைத் தாண்டிவிடலாமா? பிரிக்க விடுவதென்றால், ஒரு கொத்தனாரைப் பாதியில் போகாமல் நிறுத்திவைக்க உங்கள் ஊரில் என்ன செய்கிறீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. மலை உச்சியில் இன்று காலையிலேயே மேகம் இறங்கிவிட்டது.