ஏழாம் நம்பர் மெஷின்

டைப்ரைட்டரைக் கண்டால் எனக்கு இன்றும் குமட்டும். கோபம் என்று சொன்னால் போதாது. சோற்றில் முடி கிடந்தால் வருமே, அந்த அருவருப்பு. முப்பது வருஷம் அதை அடித்துத்தான் சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம்.

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் குடோனின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. பத்து மெஷின்கள். எனக்குக் கொடுத்தது ஏழாம் நம்பர். கீழேயிருந்து ஏறிவரும் புகையிலை நெடி போதாதென்று, எனக்கு முந்தின மணியில் அதே மெஷினில் உட்காரும் தாலுகா ஆபீஸ்காரரின் மூக்குப்பொடி வேறு. அவர் எழுந்து போனதும் எழுத்துகளுக்கு இடையில் பழுப்பாகப் படிந்திருக்கும். ஊதினால் என் மூக்கில் ஏறும், ஊதாவிட்டால் விரலில் ஒட்டும். துடைக்கத் துணி கொண்டுபோனேன். துணிதான் நாறியது.

அந்தப் பொடி உள்ளே இறங்கித்தான் மெஷின் கெட்டது என்று இப்போதும் நம்புகிறேன். வார்த்தைக்கு வார்த்தை இடம் விட அடியில் ஒரு நீளக் கட்டை இருக்கும், ஸ்பேஸ் பார். ஏழாம் நம்பரில் அது ஒரு தட்டுக்கு மசியாது. இரண்டு தட்டு தட்டினால்தான் ஓர் இடம் நகரும். ஆங்கில ‘ஓ’ எழுத்தை ஓங்கிக் குத்தினால்தான் காகிதத்தில் விழும். வரி முடியப்போகிறது என்று எச்சரிக்கும் மணி செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. எழுத்துகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டே அடித்தேன்.

இன்ஸ்டிட்யூட்டை நடத்திய மாஸ்டரிடம் தினமும் முறையிட்டேன்.

“சார், ஸ்பேஸ் பார் மறுபடியும் மக்கர் பண்ணுது.”

“பாக்கலாம் தாயி. மதுரையில இருந்து மெக்கானிக்கு வரட்டும்.”

மெக்கானிக் வரவில்லை. ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டேன். பெருவிரல் தானாக இரண்டு தட்டு தட்டியது. மோதிரவிரல் ‘ஓ’வைத் தானாகக் குத்தியது. வேகமும் வந்துவிட்டது.

அப்போதுதான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு மில் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை காலியானது. டைப்பில் முதல் படியான லோயர் பரீட்சை பாஸான பெண் யாராவது இருந்தால் அனுப்பச் சொல்லி மாஸ்டரைக் கேட்டிருந்தார்கள். எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் அந்தத் தடவை பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்த பெண்கள் இரண்டே பேர், நானும் நாலாம் நம்பரில் பழகியவளும். என் வேகம் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்கு அப்பாவின் மல்லிகைத் தோட்டம்தான் கதி. மல்லிகை என்றால் உருகுகிறவர்கள் ஒரு வாரம் விடிவதற்கு முன் குனிந்து மொட்டுப் பறித்துப் பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

பரீட்சைக்கு அவரவர் பழகிய மெஷினையே கொண்டுபோக வேண்டும். சாக்கு சுற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி, ஹைஸ்கூல் ஹாலில் இறக்குவார்கள். அன்று காலை மாஸ்டர் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் பல்.

“தாயி, நேத்து மெக்கானிக்கு வந்தாரு. அம்புட்டையும் பாக்க அவருக்கு நேரமில்ல. ஒம் மெஷின மட்டும் பிரிச்சுத் தொடச்சு எண்ண போட வச்சேன். எத்தன நாளு கேட்ட. இனிக் கவலையில்லாம அடி.”

நான் கும்பிட்டேன். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றும் என்மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

பரீட்சை மணி அடித்ததும் ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே வார்த்தைகள் ஒன்றைவிட்டு ஒன்று எட்டி நின்றன. நான் இரண்டு தட்டு தட்டினேன், மெஷின் இரண்டு இடம் நகர்ந்தது. ‘ஓ’ விழுந்த இடமெல்லாம் காகிதத்தில் ஓட்டை. என்ன நடக்கிறது என்று இரண்டாம் வரியிலேயே புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? ஒரு தட்டு, ஒரு தட்டு என்று மனசு கத்தியது, விரல் கேட்கவில்லை. வரி முடிவில் என் மெஷினின் மணி அடித்தது. ஒன்றரை வருஷமாக மணிச் சத்தம் என்றால் அது அடுத்தவர் மெஷின்தான். நான் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போனேன். இரட்டை இடம் விழுந்ததில் வரி என் கணக்குக்கு முன்பே தீர்ந்துவிட்டது. எழுத்துகள் நகராமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கறுப்பு மொத்தையாயின.

பின்னாளில் எத்தனையோ மெஷின்களோடு மாரடித்தேன், ஓய்வு பெறும் சமயத்தில் வந்த கம்ப்யூட்டர் உட்பட. ஒவ்வொரு முறையும் ஒருவன் வந்து, கேட்காத நேரத்தில் எதையோ மாற்றிவிட்டு, இது முன்னதைவிட நல்லது என்பான். நல்லதுதான், யார் இல்லை என்றது? என் கை பழையதில் அல்லவா இருக்கிறது. அந்தச் சிரித்த முகங்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பெயில். நாலாம் நம்பர்க்காரி பாஸ். அவள் மெஷினிலும் கோளாறுக்குக் குறைவில்லை. ‘ஏ’ எழுத்து தேய்ந்து பாதிதான் விழும், ரிப்பனை அவ்வப்போது கையால் சுற்ற வேண்டும். அதைத்தான் யாரும் ரிப்பேர் செய்யவில்லையே. அவள் மில் பஸ்ஸில் வேடசந்தூருக்குப் போக ஆரம்பித்தாள். நான் மொட்டுப் பறித்தேன்.

சில வாரம் கழித்து, அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டலாம் என்று அப்பா சம்மதித்ததும், மறுபடி அந்த மாடிப்படி ஏறினேன். மாஸ்டர் கையில் எண்ணெய்க் குப்பியோடு எதிரே வந்தார். நான் ஏன் தோற்றேன் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

“ஏழுலயே உக்காரு தாயி. ஒனக்குன்னுதான சரி பண்ணி வச்சிருக்கு.”

ஏழில் உட்கார்ந்து பார்த்தேன். பெருவிரல் இரண்டு தட்டுதான் தட்டியது. எப்படியும் விரலைப் புதிதாகத்தான் பழக்க வேண்டும், இவர் கைபடாத மெஷினிலேயே பழக்கலாம் என்று எழுந்து, காலியாகக் கிடந்த நாலாம் நம்பரில் போய் உட்கார்ந்தேன்.

“இதுலயா? அது ரொம்ப மோசமாச்சே. இரு, செத்த நேரத்துல எண்ண போட்டுத் தாரேன்.”

நான் இரண்டு கையையும் மெஷின்மேல் வைத்து மறைத்துக்கொண்டேன்.

“வேணாம் சார். பரீட்சை முடியிற வரைக்கும் இதத் தொட்டுறாதீங்க.”