தலையில் வைத்த கை

வவுனியா ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி ஒருவர் தன் உள்ளங்கையை என் நெற்றியில் வைத்து, "இப்ப தள்ளு" என்று சொன்ன அந்தக் காலைப்பொழுது இன்னும் என் தோலில் இருக்கிறது. குளிர்ந்த கை. சவர்க்கார மணம். நான் தள்ளினேன். அந்தக் கை விட்டுக்கொடுக்கவில்லை. என் தலை ஒரு நெல்மணி அளவுகூட முன்னுக்குப் போகவில்லை. ஆனால் கழுத்துக்குள்ளே, நெடுநாள் கட்டிக் கிடந்த கயிறு ஒன்று இழுபட்டது போல இருந்தது. "இதுதான். தலை அசையக் கூடாது, கழுத்து வேலை செய்யவேணும். மூச்சைப் பிடிக்காதை" என்றார் மிஸ்ஸி. நான் எழுத வந்தது அவரைப் பற்றியல்ல. அந்தக் கையை என் வீட்டுக்குள்ளே வரவிடாத என் மாமியைப் பற்றி. எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் வரும். ஆனால் நடந்தது எதையும் மறக்கவில்லை.

மாமி என் கணவரைப் பெற்றவர். அவருக்குப் பிள்ளையென்று இருந்தது இவர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக் காணி ஒருவருக்கும் பற்றாமல் போன காலத்தில், உருத்திரபுரத்தில் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் கிடைக்கிறது என்று கேட்டு, இவர் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, வரம்பு கட்டி எடுத்த வயல். ஆண்களுக்கு மண்வெட்டி என்றால் பெண்களுக்குத் தலை. விறகுக்கட்டு தலையில். மாட்டுக்குப் புல்லுக்கட்டு தலையில். தண்ணீர் சொட்டச் சொட்ட நாற்றுக்கட்டு தலையில். அறுவடை வந்தால் வயலிலிருந்து களத்துக்குக் கதிர்க்கட்டு தலையில். பழஞ்சீலையைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டு காலையில் இறங்கினால், இருட்டுப்படும்போதுதான் அதை எடுத்து உதறுவோம். மாமியும் சுமந்தார். அதை நான் மறைக்க மாட்டேன். என்னைவிடப் பெரிய கட்டாகப் பார்த்துத் தூக்குகிறவர் அவர். வேலைக்கு ஒளித்தார் என்று அவரை ஒருவரும் சொல்ல முடியாது.

பிள்ளை பிறந்து தவழத் தொடங்கிய காலத்தில் என் கழுத்து நோகத் தொடங்கியது. பிடரியில் பிடித்துத் தோளுக்கு இறங்கி, கைவிரல் வரைக்கும் விறைக்கும். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாது. வண்டில் மாடு மாதிரி உடம்போடு சேர்த்துத் திரும்பவேண்டும். நொச்சியிலை ஒத்தடம் கொடுத்தார் மாமி. எண்ணெய் காய்ச்சிப் பூசினார். அவர் கை நல்ல கை. பூசிய அன்றைக்குச் சுகமாக இருக்கும், அடுத்த கட்டு ஏறியவுடன் திரும்பி வந்துவிடும். ஒரு நாள் பிள்ளையைத் தூக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றேன். அதற்குப் பிறகுதான் இவர் என்னை ரயிலில் வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டொக்டர் அழுத்திப் பார்த்தார். எலும்பில் பிழையில்லை, கழுத்துத் தசை களைத்துப் போய்விட்டது, அதைப் பலப்படுத்தாவிட்டால் போகப் போக மோசமாகும் என்று சொல்லி மிஸ்ஸியிடம் அனுப்பினார். அவர் முல்லைத்தீவுக் கரைப் பக்கத்து வேதக்காரப் பெண், கழுத்தில் சிலுவை, சிரித்த முகம். எல்லாம் செய்து காட்டினார். நெற்றியில் கை வைத்துத் தலையால் தள்ளவேண்டும். இரண்டு கையையும் கோத்துப் பிடரிக்கு மேலே வைத்துப் பின்பக்கம் தள்ளவேண்டும். பிறகு காதுக்கு மேலே கை வைத்து அந்தப் பக்கம், இந்தப் பக்கம். நிமிர்ந்து படுத்து நாடியை நெஞ்சுப் பக்கம் உள்ளுக்கு இழுத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தவேண்டும். காலையும் மாலையும் விடாமல்.

"மிஸ்ஸி, தலையில கை வைச்சுக்கொண்டு இருக்கக் கூடாதெல்லே" என்றேன்.

"ஏன் கூடாது?"

"வீட்டுக்கு ஆகாது. இழவு வந்த வீட்டிலதான் அப்பிடி இருக்கிறது."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "விறகு வைக்கலாம், புல்லு வைக்கலாம், நெல்லு வைக்கலாம், உன்ரை கையை மட்டும் வைக்கக் கூடாதோ? சுமந்து சுமந்து கழுத்துப் பலக்கும் எண்டு நினையாதை பிள்ளை. சுமை தேய்க்கும். இது பலமாக்கும். நோகுது எண்டு பயந்து விட்டியோ, பிறகு ஒருத்தராலும் ஏலாது."

நானும் சிரித்தேன். வாசலில் நின்ற இவரும் சிரித்தார். ரயிலில் வரும்போது எனக்குக் கழுத்து அரைவாசி சுகமாகிவிட்டது போல இருந்தது.

அடுத்த நாள் விடிய, மாமி சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது நான் சுவரோடு சாய்ந்து இரண்டு கையையும் பிடரியில் கோத்தபடி இருந்தேன். அவர் கையிலிருந்த நெருப்புப்பெட்டி கீழே விழுந்தது.

"எடி பிள்ளை, விடியக்காலமை ஆருக்கு அழ இருக்கிறாய்? கையை எடு."

"மாமி, இது ஆஸ்பத்திரியில சொல்லித் தந்தது. கழுத்துக்கு."

"கழுத்துக்கு எண்டால் கழுத்தில வை. தலையில ஏன் வைக்கிறாய்?"

கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை, மாமியின் முகம் அப்படி இருந்தது. பிறகு குசினிக்குள் அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டு, யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஒரு வருசம் மழை பிந்திப் பெய்து புகையிலைக் கன்று முழுக்க அழுகிப்போக, தோட்டத்து வரம்பில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாராம். கொஞ்ச நாளில் மாமா காய்ச்சலில் படுத்தார், எழும்பவில்லை. "நான் வைச்ச கை. நான்தான் சாவைக் கூப்பிட்டு அவரைக் குடுத்தனான். எனக்கு இன்னும் ஒண்டு மிச்சம் இருக்கு பிள்ளை. அவனை விட்டுவை" என்றார். அவர் இவருக்காக என்னிடம் கும்பிட்டுக் கேட்டது போல இருந்தது. ஆனால் என் கழுத்துக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நான் வீட்டுக்குள் செய்வதை விட்டேன். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய்ச் செய்தேன். முதலில் நோவு கூடியது; மிஸ்ஸி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார். பிறகு மெல்ல மெல்லக் கழுத்து இளகியது. ஒரு நாள் வாய்க்கால் கரையில் இவர் பின்னாலிருந்து கூப்பிட, நான் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். இவர் நின்றுவிட்டார். "திரும்புதே?" என்றார். "திரும்புது" என்றேன். கலியாணம் கட்டிய நாளில் பார்த்தது போல இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கொட்டிலுக்குப் பின்னால் நான் போவதை மாமி கண்டுபிடித்தது அந்தக் கிழமைதான். சாப்பிடாமல் படுத்துவிட்டார். இவர் போய்க் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் இவர் என்னிடம் வந்து, வயலைப் பார்த்தபடி சொன்னார்: "அம்மா பயப்பிடுறா. கதிர் வெட்டு முடிஞ்சு களத்தில நெல்லுச் சூடு மிதிக்குமட்டும் அதை விடன். பிறகு நான் அவவுக்குச் சொல்லி விளங்கப்படுத்துறன்."

"என்ரை கழுத்து?"

"கொஞ்ச நாள்தானே."

நான் விட்டேன். கேட்டது மாமியாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். மாமி எழும்பிக் கஞ்சி குடித்தார். அன்று தொடக்கம் அவருடைய கண் என் கையிலேயே இருந்தது. நான் கூந்தல் முடிய இரண்டு கையையும் உயர்த்தினால்கூட, வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார். கழுத்து பழையபடி இறுகியது. அந்தக் கழுத்தோடுதான் அந்த அறுவடைக்குக் கதிர்க்கட்டுச் சுமந்தேன்.

வெட்டு முடியவில்லை. வெட்டிப் போட்ட கதிரை இவர் அள்ளும்போது அடியில் கிடந்த புடையன் பாம்பு கையில் கடித்தது. வண்டிலில் ஏற்றிக் கொண்டு போனார்கள். வரும்போது வண்டில் மெதுவாக வந்தது. அதைக் கண்டபோதே எனக்கு விளங்கிவிட்டது.

செத்த வீட்டில் மாமி தலையில் கை வைத்தார். வந்த பெண்கள் எல்லாரும் வைத்தார்கள். என் கை இரண்டும் மடியிலே கிடந்தன. வைக்கக் கூடாத வீடென்று சொல்லி என் கையை இறக்கிவைத்தார்கள். இனி வைக்கலாம் என்று வந்த நேரத்தில் நான் வைக்கப் போவதில்லை என்று இருந்தேன். மாமி ஒப்பாரியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "என்ரை ராசா, வீட்டுக்குள்ள இருந்து தலையில கை வைச்சு உன்னைக் கூப்பிட்டுக் குடுத்தாளே." பெண்கள் அழுவதை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு சேர்த்துத் திரும்பவேண்டும். திரும்பவில்லை. அழுத்தக்காரி என்று ஊர் அன்றைக்குச் சொன்னது. பிறகும் பல காலம் சொன்னது.

நான் விட்டுவிட்டேன் என்று மாமிக்குத் தெரியும். உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வந்தவர்கள் போன பிறகு நேரே கேட்டேன்.

"நான் விட்டனான் தானே மாமி? நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"முந்திச் செய்தது பத்தாதே?" என்றார்.

அவ்வளவுதான். விட்டதால் ஒரு பலனும் இல்லை என்றால் நான் எதற்காக விடவேண்டும்? அடுத்த நாள் விடிய முற்றத்தில், வீதியால் போகிற வருகிற எல்லாரும் காணக்கூடிய இடத்தில் பாயைப் போட்டு இருந்தேன். நெற்றியில் கை வைத்துத் தள்ளினேன். பிடரியில் கை கோத்துத் தள்ளினேன். மாமி வாசலுக்கு வந்து பார்த்தார். சண்டை பிடிப்பார் என்று காத்திருந்தேன். திரும்பி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் நான் எட்டிப் பார்த்தபோது, படுத்திருந்த என் மகனுக்குப் பக்கத்தில் இருந்து, அவனுடைய நெஞ்சில் கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் முடித்துப் பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எழும்பினார்.

அன்று தொடக்கம் காலையும் மாலையும் அதுதான் நடந்தது. நான் முற்றத்தில் இருப்பேன், மாமி பிள்ளையோடு இருப்பார். அவன் ஓடித் திரிகிற வயதில் மாலையில் அவனைப் பிடித்து மடியில் இருத்திக்கொள்வார், அவன் திமிறுவான். பெரிய பொடியனான பிறகு, "ஆச்சி, விடணை, வெக்கமாய்க் கிடக்கு" என்பான். விடமாட்டார். அவனுடைய சட்டையின் தொங்கலையாவது பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்குக் கழுத்து இளகியது, பலத்தது. பழையபடி கட்டுச் சுமந்தேன், வயல் செய்தேன், மகனைப் படிப்பித்தேன், மாமிக்குச் சோறு போட்டேன். இரண்டு பெண்களும் ஒரு அடுப்பில் சமைத்தோம். பேசவேண்டியதைப் பேசினோம். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

நான் மகனுக்காகக் கொஞ்சம் பயந்திருக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். பயந்தால் மாமி சொன்னது சரியென்று ஆகிவிடும். இவரைக் கொன்றவள் நான் என்று ஆகிவிடும். ஒவ்வொரு விடியலும் கையைத் தலைக்குத் தூக்கும்போது நான் அதை இல்லையென்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் வளர வளர எனக்குச் சாட்சி வளர்ந்தது.

மகனுக்கு வேலை கிடைத்து, பெட்டியோடு வவுனியாவுக்கு பஸ் ஏறிய அன்றைக்கு, இத்தனை காலமும் வைத்திருந்த கேள்வியை மாமியிடம் கேட்டேன். அவர் அப்போது கண் மங்கி, வாசலில் ஒரு கதிரையில் சாய்ந்தபடி இருந்தார்.

"பாருங்கோ மாமி. விடிஞ்சாலும் பொழுதுபட்டாலும் தலையில கை வைச்சுத்தான் இருந்தனான். என்ரை பிள்ளைக்கு என்ன வந்தது? சொல்லுங்கோ."

மாமி என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கோபம் இல்லை. நான் ஏதோ நன்றி சொல்ல வந்தவள் என்பது போல மெல்லத் தலையை ஆட்டினார்.

"ஒண்டும் வராது. நான் பக்கத்தில இருந்தனான் எல்லே" என்றார்.

பொய் சொல்கிறவர் என்றால் அவரோடு வழக்குப் பேசியிருப்பேன். அவர் நம்பினார். என் மகன் வளர்ந்த அவ்வளவு காலத்தையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, அடுத்த மாரிக்குள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். இவருடைய சாவை என் கணக்கில் விட்டுவிட்டுத்தான் போனார்.

எனக்கு இப்போது என்ன வயது என்று சரியாகத் தெரியாது. என் காலத்துப் பெண்கள் பலர் கூனிக் குறுகிப் போனார்கள்; என் கழுத்து நேராக நிற்கிறது. கிளினிக்கில் வேலை பார்க்கிற இளம் பிள்ளைகள் அதிசயப்பட்டு, என்ன செய்தீர்கள் அம்மா என்று கேட்கிறார்கள். செய்து காட்டுகிறேன். தனியாக இருக்கும் நாளில் ஒரு நேரமும் தவறவிடுவதில்லை.

மகனுக்கும் தலை நரைத்துவிட்டது. தைப்பொங்கலுக்கு வந்து நாலைந்து நாள் நின்றான். விடிய எழும்பி வந்து முற்றத்தைப் பார்த்துவிட்டு, குசினிக்குள் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, ஆச்சி போன பிறகு நான் வந்து நிக்கிற நாளில ஒருநாளும் நீங்கள் அந்தக் கழுத்துப் பயிற்சி செய்ய நான் காணேல்லை. விட்டிட்டீங்களே?"

"உனக்குச் சமைக்கிற வேலை கூடவெல்லே" என்றேன். "போய் முகத்தைக் கழுவிப்போட்டு வா, பிட்டு ஆறுது."