உண்ணிக்குத் திருநீறு

அரிசிச் சாக்கு எரிகிற மணம் எங்காவது வந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. வெற்றுச் சாக்கைக் கீலம் கீலமாக வெட்டிப் புகைச்சட்டிக்குள் திணித்து, அந்தப் புகையைத் தேனீப் பெட்டிகளின் வாசலில் ஊதுவது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுடைய ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது. நாங்கள் என்றால் அம்மாவும் நானும். அப்பா பெட்ரோல் நிலையத்தில் ஷிப்டில் இருப்பார். இடம் லண்டன் லூயிஷாமில் கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த ஒரு தோட்டத் துண்டு. பக்கத்துத் துண்டு சிவபாதம் மாமாவுடையது. அவர் எங்களுக்கு உறவில்லை. ஒரே ஊர், ஒரே கோயில், அதனால் மாமா. தோட்டத்தை விட்டுப்போன வெள்ளைக்காரர் ஒருவர் தன்னுடைய நான்கு பெட்டிகளில் இரண்டை அம்மாவுக்கும் இரண்டை மாமாவுக்கும் கொடுத்திருந்தார். நான்கும் வேலியோரம் ஒரே வரிசையில் நின்றன. மாமா தன்னுடைய இரண்டுக்கும் கோயில் மதில்போலக் காவியும் வெள்ளையும் அடித்து வைத்திருந்தார்.

அம்மா அந்த நாட்களில் அலுவலகங்கள் துடைக்கிற வேலைக்குப் போனார். அங்கே அவருடைய பெயரைச் சரியாகச் சொன்னவர்கள் யாரும் இல்லை. கோயிலில் மட்டும், அபிஷேகத்துக்குத் தேன் ஊற்றுகிறபோது, "இது யோகம்மாவின்ர தேன்" என்று ஐயர் ஒருதரம் உரத்துச் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காக அம்மா ஒரு வருடம் முழுவதும் கொட்டு வாங்கினார் என்றால் அது மிகையில்லை.

ஒரு கோடையில் பெட்டிகளுக்கு முன்னால் புல்லில் தேனீக்கள் நடந்து திரிந்தன. சிறகு சுருங்கிப்போய்ப் பறக்க முடியாத தேனீக்கள். அம்மா ஒரு வெள்ளைத் தாளில் நல்லெண்ணெய் பூசிப் பெட்டியின் அடியில் செருகி வைத்தார். மறுநாள் இழுத்துப் பார்த்தால் தாள் முழுவதும் குரக்கன் மணிபோலச் செம்மண் நிறத்தில் பொட்டுகள், அவற்றுக்குக் கால்கள் இருந்தன. "உண்ணி" என்றார் அம்மா. மாட்டில் ஏறுகிற சாமான் தேனீயிலும் ஏறும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். தேனீ வளர்ப்பவர்களின் கூட்டத்துக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். மருந்து தடவிய பிளாஸ்டிக் பட்டிகள் இருந்தன. தேனை எடுத்த பிறகு அவற்றைத் தேனடைகளுக்கிடையில் தொங்கவிட்டு, சில கிழமைகள் கழித்துக் கழற்றிவிட வேண்டும். ஆனால் வரிசையில் நிற்கிற எல்லாப் பெட்டிக்கும் போட வேண்டும். ஒன்று நோயில் சோர்ந்தால் மற்றப் பெட்டித் தேனீக்கள் அதன் தேனைக் களவெடுக்கப் போய் உண்ணியையும் சுமந்துகொண்டு வரும்.

அம்மா இதை மாமாவிடம் சொன்னபோது அவர் காதைப் பொத்தாத குறை.

"தங்கச்சி, சாமிக்கு ஊத்திற தேன். அதுக்குள்ள நஞ்சைத் தொங்கவிடுறதோ?"

"தேனை எடுத்த பிறகுதான் அண்ணை போடுறது. பனிக்கு முதல் கழட்டிப்போடுவன்."

"கழட்டினாலும் தீட்டுப் பெட்டிதான். எனக்கு ஏலாது. எம்பெருமான்ர பூச்சியை எம்பெருமான் பார்ப்பார்."

எம்பெருமானுக்கு உதவியாக மாமா ஒரு வைத்தியம் செய்தார். வெள்ளிக்கிழமை தோறும் வேலையால் வருகிற வழியில் பெட்டியின் மேல்மூடியைத் தூக்கி, உள்மூடியின் நடுத் துளையால் திருநீறு தூவுவார். கொட்டுக்குப் பயந்து, தேன் எடுக்கிற நாள் தவிர, உள்மூடியை அவர் திறப்பதே கிடையாது.

அதோடு விட்டிருந்தால் அவர் பாடு, அவருடைய தேனீ பாடு என்று இருந்திருக்கலாம். அந்த வருடம் விநாயகர் சதுர்த்திக்கு அம்மா குளித்து முழுகித் தேன் போத்தலோடு கோயிலுக்குப் போனார். மருந்தைக் கண்ணாலும் காணாத தேன் அது. மாமா ஊருக்கெல்லாம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அபிஷேகச் சாமான்களை வாங்கி உள்ளே கொடுக்கிற பெண் போத்தலைத் தொடவில்லை. "அதை அங்கால வையுங்கோ அக்கா, மருந்துத் தேனாம்" என்றார். அங்கால என்றால் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில். மாமாவுடைய போத்தல் உள்ளே போனது. அம்மா தன்னுடையதை அங்கே வைத்தார். பூசை முடியும் வரை கைகூப்பிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த மனிதரைக் கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது. பிள்ளையாரிடம் அவருடைய தேனீக்கள் எல்லாம் சாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே சொன்னேன். எங்களுடையதற்கு மட்டும் மருந்து போடுவோம், அவருடையது சாகட்டும்.

"செத்தால் ஆருக்கு நட்டம்? எங்கட பூச்சி அங்க போய் உண்ணியைக் கொண்டரும்" என்றார் அம்மா. பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, "செத்தால் அந்தாளுக்குப் பாடமும் வராது" என்றார்.

மாமா வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் நான்கு பெட்டிக்கும் பட்டி தொங்கவிட்டோம். காவி வெள்ளைப் பெட்டிக்குப் புகை ஊதியபடி நான் திட்டிக்கொண்டே இருந்தேன். "பொறு" என்றார் அம்மா. குளிர் இறுகுமுன் எல்லாவற்றையும் கழற்றினோம். எங்களுடைய பட்டிகள் குப்பைக்குப் போயின. மாமாவுடையவற்றை அம்மா பேப்பரில் சுற்றிக் குசினி அலுமாரியின் மேலே வைத்தார். அப்போதுதான் அம்மாவின் திட்டம் எனக்கு விளங்கியது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அலுமாரியைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

நான்கு பெட்டியும் தப்பின. அடுத்த ஆனி உத்தரத்துக்கு மாமாவின் புதுத் தேன் நடராசருக்கு வழிய வழிய ஊற்றப்பட்டது. அம்மா போத்தலே கொண்டுபோகவில்லை. அபிஷேகம் முடிந்து, மாமா மிச்சத் தேனை எல்லோருடைய உள்ளங்கையிலும் கரண்டியால் விட்டுக்கொண்டு வந்தார். "ஒரு மருந்தும் இல்லை. திருநீறு மட்டும்தான். தங்கச்சி கேட்டிருந்தால் தங்கச்சிக்கும் தந்திருப்பன்."

அம்மா கையை நீட்டி வாங்கி நக்கினார். கையைத் துடைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து பேப்பர்ச் சுற்றை எடுத்து விரித்தார்.

"அண்ணை, இதுகள் போன வருசம் உங்கட பெட்டியில தொங்கினதுகள். நான்தான் போட்டனான்."

"என்ன கதை இது? என்ர பெட்டி எண்டதுக்கு என்ன சாட்சி?"

அம்மா ஒரு பட்டியைத் தூக்கிப் பிடித்தார். தேனீப் பிசின் அப்பிய அந்தப் பட்டியில் திருநீறு வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. லண்டனில் வேறு யாருடைய பெட்டியில் அது இருக்கும்? வரிசையில் நின்ற ஒருவர் களுக்கென்று சிரித்தார். போத்தலை அங்கால வைக்கச் சொன்ன பெண் தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தார். மாமா கரண்டியைத் தேன் பாத்திரத்துக்குள் வைத்தார்.

"அப்ப… இண்டைக்கு ஊத்தின தேனில மருந்து இருந்ததோ?"

இல்லை. பட்டிகளைக் கழற்றிய பிறகு, வசந்தத்துப் பூவில் வந்த சுத்தமான தேன் அது. அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள், கழட்டினாலும் தீட்டெண்டு" என்றார் அம்மா. சுற்றை மாமாவின் கையில் வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் நான் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மாமா அதற்குப் பிறகு கோயிலுக்குத் தேன் கொடுக்கவில்லை. பெட்டிகளையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். யோகம்மாவின் தேன் என்று ஐயர் மறுபடியும் பல வருடங்கள் சொன்னார். இன்றைக்கு அந்தத் தோட்டம் இல்லை, மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அந்தப் பட்டிகளுக்கு உண்ணிகள் இப்போது அசைவதில்லையாம், பழகிவிட்டனவாம். அம்மாவும் போய்விட்டார்.

சென்ற வருடம் குரோய்டனில் ஒரு கலியாண வீட்டில் மாமாவைக் கண்டேன். தள்ளுநாற்காலியில் இருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, சாகப்போறன். உண்மையைச் சொல்லு. அந்த ஆனி உத்தரத்துத் தேனில மருந்து இருந்ததோ?"

பாத்திரத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற போத்தல் எனக்கு நினைவு வந்தது.

"அம்மாவுக்குத்தான் தெரியும் மாமா" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போனேன்.