சத்தம் போட்டுப் படியேறியவர்

செவ்வாய்க்கிழமை காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. யார் என்று பார்த்ததும் சிரித்துக்கொண்டே எடுத்தேன். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக இருந்த முனிராஜ் அவர்கள்தான். மூன்று வருஷமாக மாதம் ஒரு தடவையாவது போனில் ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுக்காமல் எங்களுக்குத் தூக்கம் வராது.

"என்னுங்க மேனேஜரே, இன்னும் உங்கள வேலைய விட்டுத் தொரத்தலீங்களா?" என்று நானே ஆரம்பித்தேன்.

அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல். "அங்கிள், நான் அவங்க மக பேசறேன். அப்பா நேத்து சாயங்காலம் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆட்டோவுல ஏத்தினோம், வழியிலேயே... இன்னிக்கு மூணு மணிக்கு எடுக்கறோம்."

என் முகத்தைப் பார்த்தே என் வீட்டுக்காரி சரசுவுக்குப் புரிந்துவிட்டது. வாளியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "கெளம்புங்க. நானும் வரோணும்" என்றாள். எங்கள் ஊர் கௌதள்ளியிலிருந்து கொள்ளேகால், அங்கே வண்டி மாறி மைசூர். வழியெல்லாம் எனக்கு மணி பார்ப்பதே வேலை. டீ குடிக்க நிறுத்திய டிரைவரை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டினேனோ, எழுத முடியாது.

முனிராஜ் அவர்களைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சரசுவுக்குக் குடலில் அடைப்பு. மைசூர் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து சரிசெய்து ஐசியூவில் போட்டார்கள். சாயங்காலம் பத்து நிமிஷம் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம். மிச்ச நேரமெல்லாம் நான் எங்கே போவது? பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். வாசலில் இருந்த காவல்காரர்தான் அந்த லாட்ஜுக்கு வழி காட்டினார்.

ரெக்சின் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவில் ஒரு சந்து. இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். சந்தின் கடைசியில் மூன்று மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. கவுண்டரில் வழுக்கைத் தலையும் பெரிய கண்ணாடியுமாக முனிராஜ் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் திருவண்ணாமலைப் பக்கம், இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர். ஆதாரை வாங்கிக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"வந்த காரணம் என்ன எஜமான்ரே?"

எனக்கு உள்ளே பயம் அதிகமானால் வாய் சும்மா இருக்காது. "பொண்ணு பாக்க வந்தனுங்க" என்றேன்.

பேனா நின்றது. "வயசு?"

"எனக்கு எழுவத்தொண்ணு. பொண்ணுக்கு அறுவத்தாறு."

"பொண்ணு எங்க இருக்காங்க?"

"ஐசியூவுல. தெனம் பத்து நிமிசம் காட்டறாங்க."

அவர் சிரிக்கவில்லை. சாவிக்கொத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தார். "அப்படீன்னா ரெண்டாவது மாடில ஏழாம் நம்பர் தரேன். அந்த மாடி முழுக்க உங்கள மாதிரி பொண்ணு, மாப்பிள்ளை பாக்க வந்தவங்கதான்" என்றார், முகத்தை மாற்றாமல். எனக்கு ஏற்ற ஆள் கிடைத்துவிட்டார் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

அறைக்குள் போனதும் முதல் கலவரம். போனில் டவர் இல்லை. சுற்றிலும் கட்டடம் நெருக்கியடித்து நிற்கிறதால் கவுண்டருக்குப் பக்கத்தில் மட்டும்தான் போன் பேசும். அதனால் அங்கே தங்கும் எல்லோரும் ஆஸ்பத்திரியில் லாட்ஜ் எண்ணையே கொடுத்திருந்தார்கள். நானும் கொடுத்தேன். அதாவது, சரசுவுக்கு ஏதாவது ஒன்று என்றால் அந்தச் சேதி முதலில் முனிராஜ் காதுக்கு வரும். பிறகு அவர் காலில் ஏறி என்னிடம் வரும்.

அந்தக் காலும் சரியில்லாதது. வலது முட்டி மடங்காது. ஒரு காலை அழுத்தி வைத்து மற்றதை இழுப்பார். 'டப்' என்று ஒரு சத்தம், 'சர்ர்' என்று ஒரு சத்தம். அப்படி ஏறும்போதே கத்திக்கொண்டு வருவார்.

"ரெண்டு நாலு! வெந்நீர்!"

"ரெண்டு ஏழு! துண்டு!"

கன்னடக்காரர்களுக்குக் கன்னடத்தில், எங்களுக்குத் தமிழில். கூட்டிப் பெருக்க வரும் பெண்களும் அதே மாதிரி கத்த வேண்டும் என்பது அவர் சட்டம். பக்கெட்டுக்கு ஒரு கூப்பாடு, தலையணை உறைக்கு ஒரு கூப்பாடு. எனக்கு இரண்டு நாளில் காது புளித்துவிட்டது.

"மேனேஜரே, ஒரு சோப்புக்கே இப்படின்னா தசரா ஊர்வலத்துக்கு எப்படிக் கத்துவீங்க?"

"ஊர்வலம் தானாவே சத்தம் போடும் எஜமான்ரே. சோப்புக்கு வாயில்ல, அல்வா?"

'இல்லையா' என்பதற்குப் பேச்சுக்குப் பேச்சு 'அல்வா' என்பார், கன்னடத்தில். நான் அதையும் விடவில்லை. அவர் மாதிரியே காலை இழுத்து நடந்து, அவர் மாதிரியே கத்திக் காட்டுவேன். வராந்தாவில் இரண்டு பேராவது சிரிப்பார்கள். அந்த மாடியில் சிரிப்பு சுலபமாகக் கிடைக்கிற சாமான் இல்லை.

பக்கத்து அறை, ஆறாம் நம்பரில் சுந்தரி என்ற பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு அதே ஐசியூவில் கிடந்தான். தம்பி பகலில் வேலைக்குப் போய்விடுவான். இவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐந்தாம் நாள் சரசுவின் தொண்டையிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். பேச முடியவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் என் தாடியைச் சுட்டிக்காட்டி மூஞ்சியைச் சுளித்தாள். சவரம் பண்ணவில்லையாம்! குழாய் போன மறு நிமிஷமே அதிகாரம் வந்துவிட்டது. சந்து வழியே ஸ்கூட்டர்களுக்கு நடுவில் ஆடிக்கொண்டே வந்தேன். கவுண்டரில் முனிராஜ் இல்லை. எனக்கு விளையாட்டுப் புத்தி வந்தது.

அவர் நடையில் படியேறினேன். டப், சர்ர். டப், சர்ர். மேலே போனதும் "கல்யாணச் சாப்பாடு ரெடி!" என்று அவர் குரலில் கத்தி எல்லோரையும் சிரிக்க வைக்கத் திட்டம். அதுவரை வாயைத் திறக்கவில்லை.

முதல் மாடியைத் தாண்டும்போதே கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டாம் மாடிக்கு வந்தால் வராந்தாவில் எல்லோரும் நிற்கிறார்கள். ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. சுந்தரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்குங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"சொல்லுங்க ஐயா, யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே சுவரோடு சறுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா... சும்மா வெளையாட்டுக்கு..." என்று உளறினேன். ஹுன்சூர்க்காரர் ஒருவர் என்னை அடிக்கிற மாதிரி பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கீழே முனிராஜ் வந்திருந்தார். என்னைக் கவுண்டருக்குப் பின்னால் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"எஜமான்ரே, ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு அம்மாவுக்குத் துண்டு குடுக்க மேல போனேன். கதவத் தட்டினேன். தெறந்தாங்க. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள மாருல அடிச்சுக்கிட்டு விழுந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரரு அப்ப நல்லாத்தான் இருந்தாரு. நான் கொண்டுபோனது துண்டு. அன்னிலேருந்து என்ன கொண்டுபோனாலும் கீழேருந்தே கத்திடுவேன். துண்டு, பக்கெட்டு, நல்ல சேதி எல்லாத்தையும் கத்திச் சொல்லிடலாம். கத்திச் சொல்ல முடியாத சேதி ஒண்ணுதான் இருக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னை எவ்வளவு வேணாலும் கிண்டல் பண்ணுங்க. என் கால நடிச்சுக் காட்டுங்க, எனக்குக் கோவமில்ல. இந்தப் படிக்கட்டுல மட்டும் வேண்டாம். ஸ்வல்ப தயவு பண்ணுங்க."

என் எழுபத்தொரு வயசில் யாரும் என்னை அவ்வளவு மெதுவாகத் திட்டியதில்லை. சுந்தரியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்கய்யா. உங்க வீட்டம்மாவுக்குக் கொழா எடுத்துட்டாங்களாமே" என்றாள். அதற்கு மேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

எட்டாம் நாள் சரசுவுக்குக் காய்ச்சல் ஏறியது. உள்ளே சீழ் பிடித்திருக்கலாம் என்றார்கள். மறுநாள்தான் எதையும் சொல்ல முடியுமாம். அன்றைய பத்து நிமிஷத்தில் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம். கரண்ட் இல்லை. மின்விசிறி நின்றுபோனதால் சந்துச் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. கட்டிலில் படுத்து மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே போன் அடித்து நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, டப். சர்ர்.

கத்துவார் என்று காத்திருந்தேன். வெந்நீர், சோப்பு, பக்கெட்டு, எது வேண்டுமானாலும் கத்தட்டும். கத்தவில்லை. முதல் மாடியில் கதவுகள் திறந்தன. சத்தம் அங்கே நிற்காமல் மேலே வந்தது. எங்கள் மாடியிலும் கதவுகள் திறந்தன. நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மாதேஸ்வரன் மலை இருக்கிற திசை எது என்றுகூடத் தெரியாமல் கும்பிட்டேன். 'அப்பனே, அவளை விட்டுவிடு, இனி ஜன்மத்துக்கும் யாரையும் கேலி பண்ண மாட்டேன்' என்று வேண்டிக்கொண்டேன். இரண்டாம் நம்பரைத் தாண்டினார். நாலைத் தாண்டினார். எனக்கும் சுந்தரிக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

தட்டினார். என் கதவை இல்லை.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அந்த நிமிஷம் வந்தது சந்தோஷம். கையும் காலும் லேசாகி, பல்லெல்லாம் தெரிய, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். சுந்தரியின் அறைக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் எப்படி நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. முனிராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டார். மறைத்துக்கொள்ள எனக்கு நேரமில்லை.

அருகில் வந்து என் தோளைப் பிடித்தார். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் எஜமான்ரே. எத்தனையோ பேரப் பாத்துட்டேன். மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. தம்பி வர்ற வரைக்கும் அந்தம்மா தனியா இருக்கக் கூடாது, நாம ரெண்டு பேரும் கூடப் போகணும்" என்றார்.

ரெக்சின் கடைக்காரரைக் கூப்பிட்டு லாட்ஜ் போனுக்குக் காவல் வைத்தார். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் சுந்தரிக்குக் காட்டிக் கொடுத்தார். தண்ணீர் குடிக்க வைத்தார். தம்பி வந்து சேரும்வரை அந்த முட்டியோடு நின்றுகொண்டே இருந்தார். நடுவில் எனக்குப் பத்து நிமிஷம் வந்தது. அதே வராந்தா வழியாக சுந்தரியைத் தாண்டித்தான் நான் சரசுவைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. முனிராஜ் தலையை மட்டும் அசைத்தார், போங்கள் என்று.

சரசுவுக்குக் காய்ச்சல் இறங்க மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் காலை கீழே சந்திலிருந்தே குரல் வந்தது. படிக்குக்கூட வரவில்லை மனிதர்.

"ரெண்டு ஏழு! வீட்டம்மா இட்லி கேக்கறாங்களாம்!"

எல்லாக் கதவும் திறந்தன. என்னை முறைத்த ஹுன்சூர்க்காரர் கை தட்டினார். ஆறாம் நம்பர் கதவும் திறந்துதான் இருந்தது. உள்ளே புதுத் துப்பட்டி விரித்த வெறும் கட்டில்.

ஆஸ்பத்திரியிலிருந்து சரசுவை நேரே வண்டியில் ஏற்றி ஊருக்குக் கூட்டிவந்தோம். வழியில் மேனேஜரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவள் சொன்னாள். சந்துக்குள் வண்டி போகாது, அடுத்த தடவை என்றேன் நான். அடுத்த தடவை கொள்ளேகாலிலேயே டாக்டரைப் பார்த்துக்கொண்டோம். இப்படியே மூன்று வருஷம். முனிராஜ் போன் பண்ணும்போதெல்லாம் "குடுங்க, ஒரு வார்த்த பேசறேன்" என்பார். சரசு வாங்க மாட்டாள். "மூஞ்சி தெரியாத ஆளோட என்னத்தப் பேசறது? நேர்ல பாத்துப் பேசிக்கறேன்" என்பாள். மாதேஸ்வரனிடம் செய்த வேண்டுதலை நான் ஒரு நாள்கூடக் காப்பாற்றவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் அவர் வீட்டை அடையும்போது இரண்டரை மணி. தெரு நிறைய ஆட்கள். அவர் மகள் அழுது வீங்கிய முகத்தோடு வந்து, "நீங்க எந்த ரூமு அங்கிள்?" என்று கேட்டாள். "காலைலேருந்து வர்றவங்க யாரும் பேரே சொல்லல. எல்லாரும் ரூம் நம்பரத்தான் சொல்றாங்க."

"ரெண்டு ஏழும்மா" என்றேன். உள்ளே போய் அவர் காலடியிலேயே நின்றுவிட்டேன். சரசுதான் முன்னால் போனாள். முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். மாலையை வைத்தாள். பிறகு குனிந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"நாந்தானுங்க சரசு. நல்லாருக்கறனுங்க. மூணு வேளையும் சோறு திங்கறேன். காடு வரைக்கும் நடந்துட்டு வர்றேன். பேத்திக்குக் காது குத்தினோம், மடியில வச்சுக்கிட்டது நாந்தானுங்க. வயித்துல வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

மேனேஜரே, நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த ஆளை உங்கள் கண்ணில் காட்டாமலே மூன்று வருஷத்தைக் கழித்துவிட்டேன். கூட்டிவந்தபோது உங்கள் கண் மூடியிருந்தது. இது என் தப்பு, வேறு யாருடையதும் இல்லை. நல்லபடியாகப் போங்கள்.