ஒரு லைசென்ஸ், ஒன்பது கம்ப்யூட்டர்

பெருமாட்டி ஊருக்குக் கிழக்கே, தேயிலை ஃபேக்டரிகளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் எனக்குக் கணக்கு வேலை. காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் அங்கிருந்த ஒன்பது கம்ப்யூட்டர்களும் என் தலையில் விழுந்தன. டிராயிங் போடும் மென்பொருளுக்கு நாங்கள் வாங்கியிருந்தது ஒரே ஒரு லைசென்ஸ். மற்ற எட்டிலும் ஓடியது திருட்டுப் பிரதி. எனக்குத் தெரியும். ஏற்றியவளே நான்தான்.

ஒருநாள் காலையில் மென்பொருள் கம்பெனியின் வக்கீலிடமிருந்து மெயில் வந்தது. எட்டு கம்ப்யூட்டர்களின் அடையாள எண்களும் அதில் இருந்தன. இரண்டு வாரத்தில் விளக்கம் தர வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது, ஆடிட்டுக்கு ஆள் வருவார் என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளி அதை முழுக்கப் படித்தார். பிறகு, போன வருடம் மாரடைப்பில் இறந்துபோன டிராயிங்காரரின் நாற்காலியைப் பார்த்தார்.

"அவருதான் நமக்குத் தெரியாம ஏத்திட்டாருன்னு எழுதிப் போடு, அம்மிணி. செத்தவர ஆரு கேக்கப் போறாங்க?"

அந்த டிராயிங்காரருடைய மனைவி எங்கள் ஸ்டோர் ரூமில்தான் வேலை பார்த்தாள். அது தெரிந்தும் நான் கடிதத்தை டைப் செய்தேன். அனுப்பவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. நாலு நாள் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்கு வயிற்று வலி என்றேன்.

ஐந்தாம் நாள் ஸ்டோர் ரூமிலிருந்து அவள் என் மேசைக்கு வந்தாள்.

"ஏனுங்கக்கா, கம்ப்யூட்டரையெல்லாம் எடுத்துட்டுப் போயிருவாங்களாமா? அவரோடதுல பாப்பா போட்டோ இருக்குதுங்க."

பென் டிரைவில் அந்தப் படங்களை நகலெடுத்துக் கொடுத்தேன். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, அந்த மென்பொருளை ஏற்றிய நாள் ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்றுகொண்டு, "இதுக்கு லைசென்ஸ் இருக்குதுங்களா?" என்று அவர் கேட்டார். "வந்துருமுங்க, நீங்க வேலையைப் பாருங்க" என்றேன். கேட்ட ஒரே ஆள் அவர்.

கடிதத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டேன். முதலாளியிடம் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை.

"அப்ப உம் பேர எழுதிக்க."

எழுதினேன். 'முதலாளிக்குத் தெரிந்தே' என்று நான் சேர்த்ததைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எதிர்க்கத் தைரியமில்லாமல் அதை அப்படியே அனுப்பிவைத்தேன்.

ஆடிட்டுக்கு வந்தவர் மரியாதையாகப் பேசினார், எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு போனார். பழையதற்கு அபராதம் கட்டி, நாலு கம்ப்யூட்டருக்கு மட்டும் முதலாளி புது லைசென்ஸ் வாங்கினார். டிராயிங் போடும் இரண்டு பேரை நிறுத்திவிட்டார். அதில் ஒருவர் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாதக் கடைசியில் என்னையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். அனுபவச் சான்றிதழ் கேட்டேன், தரவில்லை. அதில்லாமல் இன்றுவரை எங்கேயும் வேலை கிடைக்கவில்லை.

பட்டறையில் என் கடைசி நாளன்று டிராயிங்காரரின் மனைவி கேட் வரைக்கும் கூடவே வந்தாள்.

"அக்கா, அவர் மேல பழி போடறதாப் பேசிக்கிட்டாங்க. அவர் பேர எங்கியும் எழுதலைங்கல்ல?"

"இல்லைங்க" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாலு நாள் அந்தப் பெயர் என் கம்ப்யூட்டரில் இருந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை.